இரண்டாவது சொம்பு

முதலில் தப்புச் செய்தவள் ஷீபாதான். அதை மறந்துவிடக் கூடாது. வெங்காயம் உரித்துக்கொண்டே அதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு நிமிஷம் விட்டால் மனது வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறது, அந்த மூலையில் இருக்கிற தொட்டியைப் பார்க்கச் சொல்கிறது. பார்க்க மாட்டேன். சின்ன வெங்காயம் நல்ல காரம், கண் எரிகிறது, இந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்து விட்டவளும் அவள்தான், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, "மேல ஃபேனைப் பாருங்க மாமா, என்னைப் பாக்காதீங்க, என்னைப் பாத்தா கண்ணை மூடிக்கறீங்க" என்று சிரித்துக்கொண்டே விட்டாள். இருக்கட்டும். நல்லது செய்தவள் தப்புச் செய்ய மாட்டாள் என்று இருக்கிறதா? என் மருமகள்தான் அவள், என் ஒரே பையன் தயாளனைக் கட்டிக்கொண்டு குன்னூரிலிருந்து இந்த மேடவாக்கத்து நாலாவது மாடிக்கு வந்தவள். வந்தபோது இந்த பால்கனியில் துணிக்கொடியும் என் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். இப்போது காலை நீட்ட இடமில்லை, எல்லாம் தொட்டி. பேசில், ஆரிகானோ, தைம், பார்ஸ்லி என்று அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் பேர் வந்துவிட்டது, இத்தாலிக்காரன் சமையலுக்கான இலைகளாம். பேசில் வேறொன்றுமில்லை, கோயில் வாசலில் கட்டி விற்பார்களே திருநீற்றுப் பச்சிலை, அதன் தங்கச்சி மாதிரி இருக்கும். ஆரிகானோவைக் கிள்ளினால் ஓமவல்லி வாசம். பார்ஸ்லி, மணம் தொலைத்த கொத்தமல்லி. இதை எல்லாம் நான் சொன்னால் அவள் தயாளனைக் கூப்பிட்டு, "இங்க வாங்களேன், மாமா பாருங்க எல்லாத்துக்கும் சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்சிட்டாரு" என்பாள். ரோஸ்மேரிக்கு மட்டும் என்னால் சொந்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. சவுக்கு இலை மாதிரி ஊசி ஊசியாக, தொட்டால் விரலில் பிசுக்கு, முகர்ந்தால் தைலமும் கற்பூரமும் மழையில் நனைந்த கட்டையும் கலந்த மாதிரி. அது அவள் அம்மா வீட்டு வாசலில் வேலி மாதிரி நின்ற செடி. அம்மா இறந்த பிறகு வீட்டை விற்று, சாவியைக் கொடுத்துவிட்டு வரும்போது ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். ரயிலில் வரும்போது முழுக்க மடியில் வைத்திருந்தாளாம். பார்க்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், பார்த்துவிட்டேன். பழுப்பாக நிற்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை.

அதில் ஒரு கிளையை வெட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போயிருக்கிறாள். ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரி, அங்கே ஒருத்தர் செடியின் இலையைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லிவிடுவாராம். சொல்லிவிடுவார். இலையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா தண்ணி ஊத்துனது?" என்று கேட்பார். யார் என்று அவள் யோசிப்பாள். வீட்டில் மூன்று பேர், தயாளனுக்குத் துளசிக்கும் பேசிலுக்கும் வித்தியாசம் தெரியாது, அவளுக்குத் தெரியும் எப்படி ஊற்ற வேண்டும் என்று, பாக்கி யார்? விடிவதற்கு முன்னால் எழுந்து சொம்பும் கையுமாக பால்கனியில் நிற்கிறவன் யார்? ஆனால் நான் தண்ணீர் ஊற்றியதில் என்ன தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். தண்ணீர் லாரி ஓட்டினவனம்மா நான், வாழ்க்கை முழுக்க அதுதானே செய்தேன். பஞ்ச காலத்தில் லாரி திரும்புகிற முனையிலேயே குடம் உருளுகிற சத்தம் கேட்கும். டேங்கில் தண்ணீர் தீர்ந்து வால்வை மூடின பிறகும் சொட்டும் பார், அந்தச் சொட்டுக்குக் கீழே குடத்தை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள், வண்டியை எடுக்க மனசு வராமல் நான் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு இருப்பேன், பின்னால் இருக்கிற வண்டிக்காரன் ஆரன் அடிப்பான். தண்ணீர் வேண்டாம் என்கிற உயிரை நான் பார்த்ததே இல்லை. ரோஸ்மேரிதான் முதல். ஆமாம், இப்படிச் சொன்னால் அவள் நம்புவாள். பாவம் மாமா, தெரியாமல் செய்துவிட்டார் என்பாள். ஆனால் தெரியும். அதுதான் சங்கடம். அவள் சொல்லிக் கொடுத்தாள், என் விரலைப் பிடித்து மண்ணுக்குள் விட்டு, "இப்படி விட்டுப் பாருங்க மாமா, அடி வரைக்கும் காஞ்சிருந்தா மட்டும் ஊத்தணும், இது பாறை மேல வளர்ற செடி, கால் நனைஞ்சா செத்துடும்" என்றாள். கால் நனைந்தால் செத்துவிடும். அந்த வார்த்தை அப்போதே எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்குள் போன எதுவும் வெளியே வராது. என் பொஞ்சாதி கனகா இருந்தபோது சொல்வாள், "இன்னாய்யா, உனக்கு வயிறா இல்ல இரும்புப் பொட்டியா? எவன் எப்ப இன்னா சொன்னான்னு எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டி வெச்சினுகீற."

வைத்திருக்கிறேன்தான். ஏன் வைத்திருக்கக் கூடாது? என் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனை, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தவனை, மச்சான் முருகையன் வந்து தோளைத் தொட்டு, "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துட்டாங்க எத்திராஜு, நீ நம்மாளுதானே, அடுத்த பந்தில உக்காரு" என்றான். நம்மாளு. நம்மாளை எழுப்பலாமா? உட்காருவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நானே பரிமாறியிருப்பேன். உட்கார்ந்தவனை எழுப்பினால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அந்தக் கல்யாணத்தில் நான் சாப்பிடவில்லை, அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை, முருகையன் செத்தபோது போய் மாலை போட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிட்டேன். சரி, அது முருகையன். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இவளுக்கும் அதற்கும் என்ன? இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு முன்னால் இவள் ஆபீஸ்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். காலையிலிருந்தே வீடு கமகமவென்று இருந்தது. பேசிலைக் கொத்துக் கொத்தாகப் பறித்து முந்திரியும் பூண்டும் எண்ணெயும் விட்டு மிக்ஸியில் அரைத்தாள். "கொத்தமல்லிச் சட்னியாம்மா?" என்றேன். "பெஸ்டோ மாமா!" என்று சிரித்தாள். உருளைக்கிழங்கை நறுக்கி, ரோஸ்மேரியை உருவி மேலே தூவி அந்த மின்சார அடுப்புக்குள் வைத்தாள், அந்த வாசனை இருக்கிறதே, மலைமேல் ஏறினால் காது அடைத்துத் திறக்குமே, அப்படி உள்ளே எதையோ திறந்தது. நான் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். யாரும் போடச் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டேன். அவர்கள் வந்தார்கள், நல்ல பிள்ளைகள், வணக்கம் அங்கிள் என்றார்கள். மேஜையில் தட்டு வைத்திருந்தது, நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கேதான் அந்தத் தப்பு. ஷீபா அடுக்களையிலிருந்து கையில் துணியோடு எட்டிப் பார்த்தாள். "ஐயோ மாமா, உங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காதே, உங்களுக்கு ரசம் சாதம் தனியா ரூம்ல வெச்சிருக்கேன், சூடா இருக்கும்போதே சாப்ட்டுடுங்க." ஒரு பெண் சொன்னாள், "பரவால்ல ஷீபா, அங்கிளும் எங்ககூட சாப்பிடட்டுமே." இவள் சொன்னாள், "இல்லப்பா, மாமாவுக்குப் பிடிக்காது." பிடிக்காது. என் நாக்கு, என் வயிறு, பிடிக்காது என்று அவள் சொல்கிறாள். நான் எழுந்தேன். நாற்காலியை உள்ளே தள்ளக்கூட விடாமல் ஒரு பையன் அதில் உட்கார்ந்துவிட்டான், அவன் மேல் தப்பில்லை, நின்றுகொண்டிருந்தான், இடம் காலியானது, உட்கார்ந்தான்.

கட்டிலில் பேப்பரை விரித்துத் தட்டை வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு ரசம் சாதம் சாப்பிட்டேன். கதவுக்கு அடியில் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. ரசம் நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அத்தனை வேலைக்கு நடுவில் மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்டு எனக்காக ரசம் வைத்திருக்கிறாள். மேலே அப்பளம் வேறு. மோசமாக வைத்திருந்தால் மனது லேசாகியிருக்கும். எப்போதோ ஒரு முறை, வந்த புதிதில், பாஸ்தா செய்து கொடுத்தாள். நான் பாதி வைத்துவிட்டேன், கொஞ்சம் புளி போட்டிருக்கலாம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னது. அதிலிருந்து இவளாகவே முடிவு கட்டிவிட்டாள். ஒரு மனுஷனுக்கு ஒரு தடவை பிடிக்கவில்லை என்றால் சாகிற வரைக்கும் பிடிக்காதா? கேட்கலாம் இல்லையா? "நீங்களும் சாப்பிட்டுப் பாக்கறீங்களா மாமா" என்று ஒரு வார்த்தை. நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டும் இல்லையா? மறுநாள் விடிகாலையில் எழுந்து வழக்கம்போல் சொம்பை எடுத்தேன். பேசிலுக்கு ஊற்றினேன், பார்ஸ்லிக்கு ஊற்றினேன், அவை குடிக்கிற ஜாதி. ரோஸ்மேரிப் பக்கம் வந்தபோது கை நிற்கவில்லை, ஒரு சொம்பு ஊற்றியது. அது பழக்கம். சத்தியமாகப் பழக்கம். லாரிக்காரன் கை. அப்புறம் உள்ளே போனேன், குழாயைத் திறந்தேன், சொம்பு நிறைகிற வரைக்கும் நின்றேன், திரும்பி நடந்து வந்தேன். நடந்து வந்தேன் பார், அதை எப்படிப் பழக்கம் என்று சொல்வது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன், சேறு. தெரிந்தது. இரண்டாவது சொம்பை ஊற்றினேன். அடியில் இருந்த தட்டு நிரம்பித் தரையில் வழிந்தது, அதைக் காலால் தேய்த்துக் காய வைத்தேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் முதல் சொம்பு ஊற்றும்போது இன்றைக்கு இதோடு விட்டுவிடலாம் என்று நினைப்பேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் ஷீபா செருப்பைக்கூடக் கழற்றாமல் இங்கே வந்து ரோஸ்மேரியைக் கிள்ளி விரலை முகர்வாள், கண்ணை மூடிக்கொண்டு. அவள் அம்மாவை முகர்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மறுநாள் குழாயைத் திறந்தேன். பச்சை நுனி முதலில் வெளுத்தது. அப்புறம் ஊசிகள் உதிர ஆரம்பித்தன. அன்றைக்கு நிறுத்தினேன். நிறுத்தினால்? உள்ளே போன தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச முடியுமா?

தயாளன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் விளம்பரம் வந்ததும் இங்கே வந்து நிற்கிறான். "இன்னும் உரிச்சு முடிக்கலையாப்பா? ஊருக்கே சாம்பார் வைக்கப் போறீங்களா?" என்கிறான். நான் அடுத்த வெங்காயத்தை எடுக்கிறேன். அவன் குனிந்து ரோஸ்மேரியைப் பார்க்கிறான், பேருக்குத்தான் பார்க்கிறான். "நேத்து ராத்திரி அழுதாப்பா. ஒரு செடிக்கு இவ்ளோ அழுவாங்களான்னு கேட்டுட்டேன், அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்." கொஞ்சம் சிரிக்கிறான். அப்புறம் சும்மா கேட்கிற மாதிரி, "நீங்க எதுனா தண்ணி கிண்ணி ஊத்தினீங்களாப்பா இதுக்கு?" வெங்காயத்தோல் காற்றில் பறந்து அவன் காலடிக்குப் போகிறது, நான் அதையே பார்க்கிறேன். "நான் எதுக்குடா ஊத்தறேன்? அவதான் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காளே." தொடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்து ஊற்றச் சொன்னாள். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன், அவள் ஏதோ கடுமையாகச் சொன்ன மாதிரி. "சரி சரி, கோச்சுக்காதீங்க" என்று அவன் போய்விட்டான், உள்ளே யாரோ அவுட் ஆகிறான், கூட்டம் கத்துகிறது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வெங்காயம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து தொட்டியிடம் போகிறேன். இலையைப் பார்த்துத்தானே அந்த நர்சரிக்காரர் சொல்லப் போகிறார், மண்ணைப் பார்க்கவில்லையே. அடித்தட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, கறுப்பாக. அதைச் சாய்த்துவிட்டேன். மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, காலித் தொட்டியில் காய்ந்து கிடக்கிற மண்ணைப் போட்டுப் பரப்பினேன். வழித்தபோது வந்தது அந்த நாற்றம். லாரி டேங்குக்குள் இறங்கிக் கழுவும்போது அடிமண்ணில் வருமே, மூடிக் கிடந்த தண்ணீரின் நாற்றம், அதே. அந்த நாற்றம் என் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, கனகா சட்டையை வாளியில் தனியாகப் போடச் சொல்வாள். குன்னூர் வீட்டு வாசல் செடிக்குள் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நகத்துக்குள் இருந்த நாற்றம் போகவில்லை. ஷீபா கேட்டால் சொல்லிவிடலாம். "ஆமாம்மா, நான்தான் ஊத்தினேன்" என்று. ஆனால் அவள் அடுத்து ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் அந்த நாற்காலியைச் சொல்ல வேண்டும். வயசான மனுஷன், ஒரு தட்டு உருளைக்கிழங்குக்காக என் அம்மாவின் செடியைக் கொன்றான் என்று அவள் நினைப்பாள். நினைத்துவிட்டு ஒன்றும் பேச மாட்டாள், ரசம் வைப்பாள், சொட்டு மருந்து விடுவாள், ஆனால் மேலே ஃபேனைப் பாருங்க என்று சிரிக்க மாட்டாள். அந்தச் சிரிப்பில்லாத வீட்டில் நான் எப்படி இருப்பது? அதனால் சொல்லக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் அந்த நாற்காலியையும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது, ஒன்றை இழுத்தால் இன்னொன்று வருகிறது.

லிஃப்ட் கதவுச் சத்தம். செருப்பைக் கழற்றுகிறாள், அப்படியென்றால் செடியிடம் ஓடி வரவில்லை. வந்து என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், கவர் மடியில். வெங்காயத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து உரிக்கிறாள். "வேர் அழுகிடுச்சாம் மாமா" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். "தண்ணி அதிகமாயிடுச்சுன்னு சொல்றார்." இதோ வருகிறது. "என் தப்புதான். போன மாசம் மழை பெஞ்சுதே, நான் பெங்களூர்ல இருந்தேன், உள்ள எடுத்து வைங்கன்னு உங்க பையன்கிட்ட ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். தோணவே இல்ல. அம்மாவையும் அப்படித்தான் மாமா, உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க, அடுத்த வாரம் போலாம், அடுத்த வாரம் போலாம்னு..." உரித்த வெங்காயத்தை மறுபடியும் உரிக்கிறாள், ஒன்றும் மிச்சமில்லை. நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கே தெரிந்தது, உள்ளே காற்று போயிற்று. மழைக்கு அந்த மூலை நனையாதும்மா, மேலே சன்ஷேடு இருக்கு, பாரு. அதைச் சொன்னால் போதும். அதைச் சொன்னால் அவள் தன் தலையில் போட்டுக்கொண்டதைக் கீழே இறக்கிவிடுவாள். "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்மா" என்றேன். "வாங்கலாம் மாமா. நர்சரில நிறைய இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது அம்மா வீட்டுச் செடியாகுமா என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்துபோய்க் கத்தரியை எடுத்துவந்து, பச்சையாக இருந்த பக்கத்தை எல்லாம் வெட்டினாள். ஒரு சின்னக் கிளையைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு வைத்தாள். "இதுல வேர் விட்டாலும் விடுமாம். தண்ணிய மட்டும் தினம் மாத்தணுமாம். நீங்க காலைல எந்திரிச்சதும் மாத்திடறீங்களா மாமா? எனக்கு எந்த வேலையும் ஒழுங்கா செய்ய வரல." என்னிடம் கேட்கிறாள். தண்ணீரை என்னிடம் கொடுக்கிறாள். சரி என்று தலையாட்டினேன்.

மிச்சக் கிளைகளை வீணாக்க மனசில்லாமல் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள் போல. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வருகிறது, கதவுக்கு அடியில் இல்லை, நேராகவே வருகிறது. தயாளன் "அப்பா, சாப்பிட வாங்க" என்று கத்துகிறான். அதே நாற்காலி. வேறு நாற்காலியில் உட்காரலாம் என்று நினைத்தேன், கால் இங்கேதான் வந்தது. ஷீபா பரிமாறிக்கொண்டே வருகிறாள், கண் வீங்கியிருக்கிறது, தயாளன் தட்டில் போட்டாள், என் தட்டில் போட்டாள், தன் தட்டில் போட்டாள். உருளைக்கிழங்கு மேலே கருகிய ஊசிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றை வாயில் வைத்தேன். உப்பு, சூடு, அப்புறம் தைலம், அப்புறம் நான் பார்த்தேயிராத ஒரு வீட்டு வாசலின் குளிர். நன்றாக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. கடவுளே, எனக்குப் பிடித்திருக்கிறது. அப்போதுதான் அவள் என் தட்டைப் பார்த்தாள். "ஐயோ, ஏதோ ஞாபகத்துல உங்களுக்கும் போட்டுட்டேன் மாமா! வெச்சிடுங்க, வெச்சிடுங்க, ரசம் சூடு பண்ணித் தரேன்." கையை நீட்டுகிறாள் தட்டை எடுக்க. நான் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், கொஞ்சம் அழுத்தமாகத்தான் பிடித்திருப்பேன் போல, தயாளன் நிமிர்ந்து பார்த்தான். "இருக்கட்டும்மா" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் சாப்பிடுகிறேன், ஒவ்வொரு ஊசியாக, பல்லில் கடித்து, கீழே ஒன்றும் வைக்காமல். அடுக்களை மேடையில் டம்ளருக்குள் அந்தக் கிளை நிற்கிறது. விடிந்ததும் தண்ணீர் மாற்றுவேன். ஒழுங்காக மாற்றுவேன், வேர் விடுகிற வரைக்கும் மாற்றுவேன். நான் செய்ததை ஒருநாள் சொல்லியும் விடுவேன். ஆனால் அன்றைக்கு ஞாபகமாக எழுப்பினாள், இன்றைக்கு ஞாபகமில்லாமல் போட்டுவிட்டாள், இரண்டு தடவையும் என்னைக் கேட்கவில்லை. "எப்படி இருக்கு மாமா?" என்று இப்போதுகூடக் கேட்கலாம். எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தட்டு காலியாகிறது. கடைசித் துண்டை வாயில் போடாமல் வைத்துக்கொண்டு, அவள் நிமிரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.